சேனை தொட்ட விரல்

ஜூன் 4, வியாழன்

இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஓசியில் கொடுத்த இந்த டைரியில் இதுவரை கேஸ் சிலிண்டர் வந்த தேதிகளும் பக்கத்து வீட்டுச் சண்டைகளின் சுருக்கமும்தான் இருந்தன. இப்போது எழுதுவதற்கு என்று ஒரு ஆள் வந்திருக்கிறாள். என் தம்பி கோமதிநாயகத்தின் மகள். செவ்வாய்க்கிழமை பிறந்தாள். வர வேண்டியது ஆகஸ்ட்டில். ஏழாம் மாதத்திலேயே அவள் அம்மா ஆவுடைக்கு ரத்த அழுத்தம் ஏறி, கால் வீங்கி, பாளையங்கோட்டையில் அவசரமாக அறுத்து எடுத்தார்கள். எடை ஒன்றேகால் கிலோ. தபால் ஆபீஸில் இதைவிடக் கனமான பார்சலை நான் ஒரு கையால் மூலைக்கு வீசியிருக்கிறேன்.

ஆவுடை இரண்டாம் மாடியில். பிள்ளை நான்காம் மாடியில், கண்ணாடிப் பெட்டிக்குள். ஆவுடையால் தையலோடு ஏறி இறங்க முடியாது. அதனால் அவள் பாலைப் பீச்சிச் சின்னக் கிண்ணத்தில் தருவாள், நர்ஸ் மூடி போட்டுப் பெயர் ஒட்டுவார், நான் மேலே கொண்டுபோவேன். இருபத்தேழு வருஷ சர்வீஸில் இப்போதுதான் உண்மையான விரைவுத் தபால்.

மேலே சிஸ்டர் ஜெசிந்தாவின் ராஜ்யம். ஒல்லி உடம்பு, போலீஸ் குரல்.

“எம்மா, எங்க போறிய? மொதல்ல கை கழுவுங்க. முழங்கை வரைக்கும்.”

“கழுவிட்டேன் சிஸ்டர்.”

“மணிக்கட்டு வரைக்கும் கழுவுனிய. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்.”

மூக்கு வழியே ஒரு நூல்குழாய். அதில் பால் ஒரு மில்லி. ஒரு மில்லிக்கு இரண்டு மாடி ஏற்றம். எனக்கு மூச்சு வாங்கியதைப் பார்த்துவிட்டுப் பெட்டிக்குள் இருந்தவள் கொட்டாவி விட்டாள்.

ஜூன் 7, ஞாயிறு

ஆவுடையின் அப்பா வந்திருந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வாழ்க்கையில் தலைப்பு போட்டு அடிக்கோடு போடாமல் ஒரு காரியமும் செய்ததில்லை. சட்டைப்பையில் கற்கண்டு, ஒரு பொன்மோதிரம். சேனை வைக்க வந்திருக்கிறாராம்.

எங்கள் பக்கத்துச் சட்டம் இது: பிறந்த பிள்ளையின் நாக்கில் யார் முதலில் இனிப்பைத் தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம்தான் பிள்ளைக்கு வரும். அதற்குப் பெயர் சேனை. பிள்ளை பிறக்கும் முன்பே யார் வைப்பது என்று மந்திரிசபை அமைக்கிற மாதிரி பேச்சு நடக்கும். எங்கள் குடும்பத்தில் இதுவரை பதினோரு பிள்ளைகள். ஒன்றுக்கும் என்னைக் கேட்டதில்லை. நியாயம்தான். எனக்கு வாய் நீளம். தெருவில் யார் வீட்டுக்கு எந்தக் கோர்ட்டிலிருந்து பதிவுத் தபால் வந்தது என்பதுவரை சொல்லிவிடுவேன். போதாததற்கு, கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் சூரத்துக்கு வேலை தேடிப் போன என் வீட்டுக்காரர் இருபது வருஷமாக இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். அந்த ராசியைப் பிள்ளை நாக்கில் யார் தடவுவார்கள்?

டாக்டர் மைதீன் பாத்திமா மோதிரத்தைப் பார்த்ததும் தலையாட்டிவிட்டார். “சார், வாய் வழியா எதுவும் கூடாது. சீனித்தண்ணி, தேன், கற்கண்டு, கோயில் தீர்த்தம், பள்ளிவாசல் தண்ணி, எதுவுமே. பால் மட்டும். அதுவும் நாங்க குழாய்லதான் குடுப்போம்.”

தலைமையாசிரியர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். “சரிங்கம்மா. வீட்டுக்கு வந்த பிறகு முறைப்படி வச்சுக்கிடுதேன்.” கற்கண்டு பைக்குள் திரும்பியது.

நான் பக்கத்தில்தான் நின்றேன். எல்லாம் காதில் விழுந்தது.

ஜூன் 10, புதன்

பால் இப்போது வேளைக்கு எட்டு மில்லி. “இன்னும் கொஞ்சம் கூட்டிக் குடுத்தா என்ன, டாக்டர்?” என்று கேட்டேன். பாவம், அந்த அம்மா நின்று பதில் சொன்னார்.

“இவ குடல் இப்பத்தான் கட்டின காலனி மாதிரி, அக்கா. வீடெல்லாம் காலி. நம்ம வயித்துல கோடிக்கணக்கா நல்ல கிருமி குடியிருக்கு. செரிக்க வைக்கிறதும் காவல் காக்கிறதும் அதுங்கதான். இவளுக்கு இன்னும் யாரும் குடி வரலை. தாய்ப்பால்தான் நல்ல குடித்தனமா பாத்துக் கூட்டிட்டு வரும். அதுக்குள்ள ரவுடி எவனாவது வந்து உக்காந்துட்டா, சுவரெல்லாம் இடிச்சிருவான். குறைமாசப் பிள்ளைக்குச் சுவரும் மெல்லிசு. அதான் பாத்துப் பாத்துக் குடுக்கிறோம்.”

குடித்தனக்காரர்கள் பற்றி இவ்வளவு தெளிவாக எங்கள் தெருவில் என்னைத் தவிர யாரும் பேசியதில்லை.

ஆபீஸிலிருந்து இசக்கிமுத்து பார்க்க வந்தான். புளியங்குடி மலைத்தேன் ஒரு சின்னப் பாட்டில் கொண்டுவந்தான். இருமலுக்கு வேண்டும் என்று நான்தான் போனில் சொல்லியிருந்தேன். இருமல் வந்ததும் குடிக்க வேண்டும்.

ஜூன் 12, வெள்ளி

ராகுகாலம் கழிந்து பன்னிரண்டரைக்குப் பால் கொண்டுபோனேன். சிஸ்டர் ஜெசிந்தா அடுத்த பெட்டிப் பிள்ளைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். கை கழுவினேன். முழங்கை வரை.

வேறு விசேஷமில்லை.

ஒரு பிள்ளையின் நாக்கு இவ்வளவு சிறியதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஜூன் 13, சனி

இன்று ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். மற்றதை மூடியே வைத்திருந்தாள். யார் வீட்டிலோ என்னமோ நடக்கிறது, தெரிந்துகொள்ள வேண்டும், ஆனால் தெரிந்தது வெளியே தெரியக் கூடாது என்கிற பார்வை. கண்ணாடியில் தினமும் பார்க்கிற பார்வைதான். என் குணம் வந்தால்தான் என்ன குறை? ஒரு தபால் ஆபீஸையே சமாளிக்கலாம்.

ஆவுடை இன்று மெதுவாக நடந்தே மேலே வந்தாள். “மைனி, நீங்க இல்லேன்னா நான் என்ன செஞ்சிருப்பேன்?” என்று நாத்தனாரான என்னைக் கேட்டாள். லட்டு வாங்கிக் கொடுத்தேன். எனக்கும் ஒன்று. பிறகு இன்னொன்று.

ஜூன் 14, ஞாயிறு

காலை எட்டு மணிப் பாலைக் கொண்டுபோனபோது சிஸ்டர் வாங்கவில்லை. “அங்கன வச்சிட்டு வெளிய நில்லுங்க” என்றார். போலீஸ் குரல் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வயிறு உப்பியிருந்தது. தோல் மினுமினுவென்று, நரம்பு நீலமாக. முந்தைய வேளைப் பால் குழாய் வழியே பச்சையாகத் திரும்பி வந்திருக்கிறது. துணியில் ரத்தம் கலந்த மலம். ஒன்றேகால் கிலோவுக்குள் இவ்வளவு நடக்குமா?

பாலை நிறுத்திவிட்டார்கள். எக்ஸ்ரே மெஷினை உருட்டிக்கொண்டுபோனார்கள்.

என் கைப்பையில் எறும்பு வருகிறது.

ஜூன் 15, திங்கள்

டாக்டர் எங்கள் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசினார். தம்பி நாயகம், ஆவுடை, தலைமையாசிரியர், நான். குடல் அழற்சி. குறைமாசப் பிள்ளைகளுக்கு வருகிறதுதானாம். கெட்ட கிருமி பெருகி, குடல் சுவருக்குள்ளேயே காற்று புகுந்திருக்கிறது. எக்ஸ்ரேயில் சோப்பு நுரை மாதிரித் தெரிகிறது. பத்து நாளாவது வயிற்றுக்கு ஓய்வு. ரத்தக்குழாய் வழியாகத்தான் சாப்பாடு, மருந்து. ஆறு மணி நேரத்துக்கு ஒரு எக்ஸ்ரே. ஓட்டை விழுந்தால் உடனே ஆபரேஷன்.

“ஆபரேஷன் செஞ்சா பிழைச்சிருமா?” என்று நாயகம் கேட்டான்.

“ஓட்டை விழாம இருக்கட்டும்னு வேண்டிக்கிடுங்க” என்றார் டாக்டர்.

பிறகு கேட்டார்: “பாலைத் தவிர வேற எதுவும் வாயில குடுக்கலையே?”

எல்லாரும் இல்லை என்றோம். நான் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். ஆவுடை திரும்பிப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் தலைமையாசிரியர் காரணம் கண்டுபிடித்துவிட்டார். “பாலைத் தவிர ஒண்ணும் போகலைன்னா, அப்போ பால்லதான் கோளாறு. நீ கண்டதையும் தின்னுதே. சனிக்கிழமை லட்டு தின்னியாமே?”

ஆவுடை முந்தானையை இழுத்து மார்பை மூடிக்கொண்டாள். லட்டு வாங்கிக் கொடுத்தவள் நான். நான்கு தெரு தாண்டிக் கேட்கிற வாய் எனக்கு. அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

சிஸ்டர் ஜெசிந்தா பால் கிண்ணங்களை ஒவ்வொன்றாக வாங்கி மோந்து பார்த்தார். மூடியைப் பார்த்தார். என் நகத்தைப் பார்த்தார். “உங்கமேல தப்பு சொல்லலம்மா, எல்லாத்தையும் பாக்கணும்லா” என்றார்.

பாட்டிலைக் கைப்பையிலிருந்து எடுத்துத் துணிப்பையில் போட்டேன். பிறகு துணிப்பையிலிருந்து எடுத்து மறுபடி கைப்பையில்.

ஜூன் 16, செவ்வாய்

மூச்சு நடுநடுவே நின்றுபோகிறது. குழாய் போட்டு மெஷினில் வைத்திருக்கிறார்கள். வாயில் குழாய் இருப்பதால் அழுகிற மாதிரி முகம் கோணுகிறது, சத்தம் வரவில்லை.

ஆவுடை பால் பீச்ச மாட்டேன் என்கிறாள். மார்பு கல்லாகக் கட்டிக் காய்ச்சல் வந்துவிட்டது.

ஜூன் 17, புதன்

முழுவதும் எழுதிவிடுகிறேன். இந்த டைரியிடம் ஐந்து நாளாகப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஓசி டைரிதானே என்று.

காலையில் டாக்டர் ஆவுடையின் கட்டிலருகே வந்து கெஞ்சாத குறை. “இப்ப பால் குடுக்கலைன்னாலும் பீச்சி எடுத்துக்கிட்டே இருக்கணும்மா. நின்னு போச்சுன்னா, பிள்ளைக்கு வயிறு சரியாகிற நேரத்துல குடுக்க ஒண்ணும் இருக்காது. இந்த வியாதி வந்த குடலுக்கு உன் பால்தான் மருந்து. நல்ல கிருமி திரும்பக் குடி வரணும்னா வேற வழியில்லை.”

ஆவுடை சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். டாக்டர் போனதும் என் கையைப் பிடித்தாள். கை கொதித்தது.

“மைனி, நீங்கதான தெனமும் கொண்டு போனிய. உண்மையச் சொல்லுங்க. எம் பால்ல எதும் கெட்ட வாடை அடிச்சுதா?”

“சேச்சே! என்னட்டி பேச்சு இது?”

“எனக்காக மறைக்காதிய. நாந்தான் விஷத்தைக் குடுத்துட்டேன்னு எனக்குத் தெரியும். பீச்சி என்ன செய்ய? இன்னொரு தடவ குடுக்கவா?”

எழுந்து வெளியே வந்தேன். மேலே டாக்டர் அறைக்கு எப்படிப் போனேன் என்று நினைவில்லை. கைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தேன். எறும்பு இரண்டு கூடவே வந்தன.

“என்னதுக்கா இது?”

“தேன். வெள்ளிக்கிழமை. பன்னிரண்டரைக்கு.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “எவ்வளவு?”

“விரல் நுனில தொட்டு. ரெண்டு தடவை.”

“ரெண்டு தடவையா?”

“முதல் தடவை உதட்டோட நின்னுட்டு. நாக்குல படல.”

“வேற பிள்ளை யாருக்கும்?”

“இல்ல டாக்டர். இவளுக்கு மட்டுந்தான்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பாட்டிலை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேலே தேதி எழுதினார். “நல்லவேளை தூக்கிப் போடலை. லேபுக்கு அனுப்புறேன்” என்றார். பிறகு, “திங்கட்கிழமை கேட்டேனே அக்கா” என்றார். அவ்வளவுதான். சூரத்துக்காரர் போன அன்றுகூட நான் இப்படித் தலையைக் குனிந்ததில்லை.

“இதனாலதான் வந்துச்சா?” என்று கேட்டேன்.

“தெரியாது. தேன் தொடாத பிள்ளைக்கும் வருது. ஆனா இன்னொரு விஷயம் இருக்கு. தேன்ல ஒரு கிருமி விதை மாதிரித் தூங்கும். பிள்ளை குடல்ல போய் முளைச்சா உடம்பு பூராத் தளர்ந்துரும். முதல்ல கண் இமை தொங்கும். அழுகை சன்னமாகும். சில வாரம் கழிச்சுக்கூட வரும். அதையும் இனிப் பாக்கணும்.” நிமிர்ந்தார். “அந்தப் பொண்ணுட்ட நான் சொல்லவா, நீங்க சொல்லுதீங்களா?”

நானே சொல்கிறேன் என்றேன். வாழ்நாளில் எனக்குக் கிடைத்த எத்தனையோ சூடான செய்திகளை ஓட்டமாக ஓடிப் போய்ச் சொன்னவள், இரண்டு மாடி இறங்க அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன்.

ஆவுடை கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“அப்போ எம் பால்ல ஒண்ணுமில்ல?”

“இல்ல.”

மேசைமேல் காலியாகக் கிடந்த பால் கிண்ணத்தைப் பார்த்தபடி சொன்னாள். “வீட்டுக்கு வந்ததும் உங்களத்தான் சேனை வைக்கச் சொல்லணும்னு இருந்தேன், மைனி. அப்பாட்ட சண்டை போட்டாவது. எம் பிள்ளை உங்கள மாதிரி வாயாடியா, யாருக்கும் பயப்படாம வளரணும்னு.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“இனி என் கண்ணுல படாதிய.”

வாசலுக்கு வந்தபோது பின்னால் அவள் குரல் கேட்டது, நர்ஸிடம்: “சிஸ்டர், அந்தக் கிண்ணத்தை எடுங்க.”

ஜூன் 18, வியாழன்

நான்காம் மாடிக்குள் எனக்கு இனி அனுமதி இல்லை. சிஸ்டர் ஜெசிந்தா வாசலில் என் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறார். உலகம்மாள், தபால் துறை. நேற்றுவரை அம்மா, இன்று சுவரொட்டி.

நாயகம் என்னிடம் பேசவில்லை. சாயங்காலம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பாதி டீயை என் தம்ளரில் ஊற்றிவிட்டுப் போனான்.

தலைமையாசிரியர் திட்டக் கிளம்பி வந்தார். “நீங்க ஒரு...” என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினார். சட்டைப்பையைத் தடவினார். “டாக்டரம்மா மட்டும் அன்னைக்குக் குறுக்க நிக்கலைன்னா நான் வச்சிருப்பேன்” என்றார். பிறகு மகளின் அறை வாசலில் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். தலைப்பும் இல்லை, அடிக்கோடும் இல்லை.

ஜூன் 20, சனி

ஓட்டை விழவில்லை.

ஜூன் 21, ஞாயிறு

இன்றும் விழவில்லை.

ஜூன் 24, புதன்

வயிறு வடிந்திருக்கிறது. எக்ஸ்ரேயில் நுரை இல்லை. மூச்சுக்கு வைத்த குழாயை எடுத்துவிட்டார்கள். நான் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அனுமதிக்கப்பட்ட எல்லை அதுதான். குழாய் எடுத்ததும் அழுவாள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

அழுதாள். கதவிடுக்கில் மாட்டிய பூனைக்குட்டி மாதிரி, சன்னமாக, கரகரவென்று.

சன்னமாக. தேன் கிருமிக்கு டாக்டர் சொன்ன அடையாளம். வெளியே வந்த டாக்டரின் முந்தானையைப் பிடிக்காத குறையாக வழிமறித்தேன்.

“குழாய் போட்டிருந்த தொண்டை, அப்படித்தான் இருக்கும். ரெண்டு மூணு நாள்ல தெளியணும்.”

“தெளியலைன்னா?”

“தெளியலைன்னா அப்புறம் பேசுவோம்.”

லேப் முடிவும் சொன்னார். தேனில் வளர்ந்தது ஒரு கிருமி, பிள்ளையின் ரத்தத்தில் வளர்ந்தது வேறு ஒன்று. நான் முகம் மலர்ந்ததைப் பார்த்துவிட்டார் போல. “விடுதலைன்னு நினைக்காதீங்க. தேன்தான்னும் சொல்ல முடியாது, தேன் இல்லைன்னும் சொல்ல முடியாது. கடைசிவரைக்கும் தெரியாது.”

தெரியாத விஷயம் ஒன்றை வாழ்நாள் முழுக்க வைத்திருக்க வேண்டும். என்னைப் போன்றவளுக்கு இதைவிடப் பொருத்தமான தண்டனை எந்தக் கோர்ட்டிலும் கிடைக்காது.

ஜூன் 26, வெள்ளி

படிக்கட்டு. காலையும் மாலையும். அழுகை அதே மாதிரிதான். கரகரப்பு குறைந்திருக்கிறது, சத்தம் கூடவில்லை. இமை தொங்குகிறதா என்று நாயகத்திடம் கேட்டேன். “தூங்குத பிள்ளைக்கு எக்கா, இமை வேற எப்படி இருக்கும்?” என்று எரிந்து விழுந்தான். எட்டு நாளில் அவன் என்னிடம் பேசிய முதல் வாக்கியம். வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஜூன் 28, ஞாயிறு

பதினான்கு நாளுக்குப் பிறகு பால். ஒரு மில்லி. மறுபடி முதலிலிருந்து.

இப்போது கிண்ணம் கொண்டுபோவது நாயகம். வெடிகுண்டு தூக்குகிறவன் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, படியை எண்ணி எண்ணி ஏறுகிறான். இந்த வேகத்தில் போனால் பால் மேலே சேர்வதற்குள் தயிராகிவிடும் என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். என்னைத் தாண்டும்போது அவனே சொன்னான்: “ஆவுடை நேத்து ஒரு வேளைக்கு அறுபது மில்லி பீச்சிட்டா. ஃப்ரிட்ஜுல வைக்க இடமில்லையாம்.”

ஜூலை 3, வெள்ளி

வயிறு மிருது. மலத்தில் ரத்தம் இல்லை. வேளைக்கு ஏழு மில்லி. புதுக் குடித்தனங்கள் வர ஆரம்பித்துவிட்டன போலும்.

லீவு முடிகிறது. இசக்கிமுத்து போனில் கேட்டான்: “எக்கா, இருமல் சரியாயிட்டா?”

ஜூலை 11, சனி

ஆபீஸ் அரை நாள். நாயகம் போன் செய்தான். “ஆவுடை உன்ன வரச் சொல்லுதா.” வேறு ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் பாளையங்கோட்டை வருகிறவரை என்னென்னவோ நினைத்தேன். அழுகை நின்றுவிட்டதோ என்பதைத்தான் அதிகம் நினைத்தேன்.

பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். தாய்மார் நெஞ்சோடு கட்டிப் போட்டுக்கொண்டு கிடக்கிற அறை. எடை ஒரு கிலோ எழுநூறு. ஆவுடையின் சேலைக்குள்ளிருந்து ஒரு தலை மட்டும் வெளியே. நான் வாசற்படியிலேயே நின்றுகொண்டேன். ஆவுடை என்னைப் பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

சிஸ்டர் ஜெசிந்தா நனைந்த துணியை மாற்றுவதற்காகப் பிள்ளையை எடுத்தார். குளிர்ந்த காற்று பட்டிருக்க வேண்டும். வாயைத் திறந்தாள்.

அதை எப்படி எழுதுவது! எங்கள் ஆபீஸில் மத்தியானம் மூன்று மணிக்குக் கவுண்டரை மூடினால் வரிசையில் நிற்கிறவர்கள் போடுகிற சத்தம் உண்டே, அதை ஒரு கிலோ எழுநூறுக்குள் அடைத்த மாதிரி. ஜன்னல் கதவில் தூங்கிய புறா பறந்துபோனது. இரண்டு கண்ணும் அகலத் திறந்திருந்தன. இமை எங்கேயும் தொங்கவில்லை.

இன்றுதான் அடுத்த கட்டிலுக்கு வந்த கடையநல்லூர்க்கார அம்மா காதைப் பொத்திக்கொண்டார். “எம்மாடி, என்ன வாய்! இதுக்கு யாரு தாயி சேனை வச்சது?”

சிஸ்டர் ஜெசிந்தா துணியை மடிப்பதில் மும்முரமானார். நாயகம் மின்விசிறியைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். பிள்ளை மட்டும் விடாமல் கத்திக்கொண்டிருந்தாள்.

“இந்தா வாசல்ல நிக்காவள்ளா, எங்க மைனி” என்றாள் ஆவுடை. “யாரையும் கேக்காம வச்சிட்டாவ.”

குரலில் சிரிப்பு இல்லை. கோபமும் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று எனக்குக் கணிக்கத் தெரியவில்லை. கதறுகிற பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“அங்கனயே நின்னா எப்படி? போய்க் கை கழுவிட்டு வாங்க. முழங்கை வரைக்கும்.”

கழுவினேன். இரண்டு தடவை.